மூணு நாள்ல இறங்கிடுச்சு

"வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?"

"ஆமா மேடம். கீழாநெல்லி மட்டும்தான் குடிச்சேன்."

மழைக்காலம் வந்தால் எங்கள் லேபில் இந்தப் பேச்சு தினமும் நடக்கும். சிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடுவேன். சிலருக்கு மணிக்கட்டுக்கு மேலே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அது காமாலைக்குச் சூடு வைத்த தழும்பு. இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் வயதானவர்கள் கையில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆரணியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிற சின்ன லேப் இது. லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்த காலத்திலிருந்து எனக்கு இங்கேதான் வேலை. நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பேன், ட்யூபை சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிடுவேன், மேலே தெளிந்து நிற்கிற சீரத்தைப் பிரித்து மெஷினில் வைப்பேன், வருகிற எண்ணை ரிப்போர்ட்டில் ஏற்றுவேன். ஆனால் ஒரு விஷயத்தில் டாக்டரைவிட எனக்குக் காட்சி அதிகம். காமாலை வந்தவர்கள் டாக்டரிடம் ஒரு தடவை போவார்கள், சிலர் அதுவும் போக மாட்டார்கள். அதற்கப்புறம் நேராக எங்களிடம்தான் வருவார்கள். "எவ்ளோ இறங்கியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். காமாலையில் கண்ணை மஞ்சளாக்குகிற பொருள் பிலிரூபின். ஒரே ஆளுடைய பிலிரூபின் வாரா வாரம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை வரிசையாகப் பார்க்கிற வாய்ப்பு அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

நல்ல சீரம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். பிலிரூபின் பத்தைத் தாண்டியவருடைய சீரம் மெஷினில் வைப்பதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிடும். கடுகெண்ணெய் மாதிரி கெட்டியான நிறம், ட்யூபைச் சாய்த்தால் ஓரத்தில் லேசாகப் பச்சை. (காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறார்களே, அதையும் விசாரித்திருக்கிறேன். கண் மஞ்சளாக வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட உலகம் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னதில்லை.)

எனக்கே காமாலை வந்திருக்கிறது. ஒன்பதாவது படிக்கும்போது. பெரியம்மா விடியற்காலையில் கரும்புத் தோட்டத்து வரப்பிலிருந்து செடியை வேரோடு பிடுங்கி வந்து, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்துக் கொடுத்தார். அந்தக் கசப்பை மறக்க முடியாது. பல் தேய்த்த வாயோடு நிற்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். அப்புறம் பத்தியம்: உப்பில்லாத கஞ்சி, புளி கூடாது, எண்ணெய் கூடாது, பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனைகூட மூக்கில் ஏறக் கூடாது. தேறிவிட்டேன். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் கூடினால் நான்தான் முதல் சாட்சி. "லேப்ல வேலை பாக்கறா பாரு, அவளுக்கே கீழாநெல்லிலதான் சரியாச்சு."

பெரியம்மா பொய் சொல்லவில்லை. மருந்து கொடுத்தார், நான் தேறினேன், இரண்டும் நடந்ததுதான். ஒன்றையும் மற்றொன்றையும் முடிச்சுப் போட்டதில்தான் என் சந்தேகம் எல்லாம்.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வருகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாடு வழியாக வருகிற வைரஸ். அது உள்ளே போய் ஏறக்குறைய நான்கு வாரம் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி அசதி. வீட்டில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம்தான் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகும். ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய பிலிரூபின் இரண்டரை, மூன்று என்று போனால்தான் கண்ணில் தெரியும்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லாப் பெருமையும் கிடைப்பது இந்த இடத்தில்தான். கண் மஞ்சளாகிற நேரத்தில் காய்ச்சலும் குமட்டலும் பெரும்பாலும் தணிய ஆரம்பித்துவிடும். நோயின் போக்கே அப்படி. எஸ்ஜிபிடி என்று நாங்கள் பார்க்கிற கல்லீரல் என்சைம் அதற்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் மஞ்சளைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அலறி அடித்துக்கொண்டு கீழாநெல்லி தேடிப் போவார்கள். மூன்று நாள் குடிப்பார்கள். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து "பசிக்குதும்மா" என்று கேட்கும். அந்த வீட்டில் போய் இது மருந்தால் இல்லை என்று யார் சொல்வது?

இத்தனைக்கும் மூன்றாம் நாள் பிலிரூபின் இறங்கியிருக்காது. என்னிடம் வந்தால் ஏறியே இருக்கும். முதல் வாரம் ஆறு, அடுத்த வாரம் ஒன்பது, பிறகு மெல்ல ஏழு, நான்கு, இரண்டு என்று வாரக்கணக்கில் வடியும். அதிகபட்சம் இரண்டு மாதத்தில் பெரும்பாலோருக்கு எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். கீழாநெல்லி குடித்தவர், குடிக்காதவர், கரும்புச்சாறு குடித்தவர், கிளினிக்கில் படுத்துக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவர் என்று எல்லாருடைய பழைய ரிப்போர்ட்டையும் பெயரை மறைத்து என் முன்னால் பரப்பினால், யார் எதைக் குடித்தார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வரிசை நிற்கும். வைத்தியர் கீழ் இமையை இறக்கிப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், மூலிகை உருண்டை கொடுப்பார். பணம் கேட்க மாட்டார், வெற்றிலை பாக்கோடு தட்டில் இஷ்டப்பட்டதை வைக்கலாம். அவரிடம் போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அவருடைய பதில்கள் எனக்கு மனப்பாடம். பிலிரூபின் இறங்கினால் மருந்து கேட்டுவிட்டது. ஏறினால் உள்ளே தங்கின மஞ்சளை மருந்து வெளியே தள்ளுகிறது, பயப்பட வேண்டாம். ரொம்ப நாளாகியும் அப்படியே நின்றால் பத்தியம் தப்பிவிட்டது. யாரோ எங்கேயோ கடுகு தாளித்திருக்கிறார்கள். எந்த எண் வந்தாலும் மருந்து தோற்காது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. தேறியவர்கள் அடுத்த மாதம் மஞ்சள் பையில் பழமும் வேட்டியும் எடுத்துக்கொண்டு போய் அவர் காலில் விழுகிறார்கள். தேறாதவர்கள் அவரிடம் திரும்பிப் போவதில்லை, வேலூருக்கு பஸ் ஏறுகிறார்கள். அப்படியானால் அவர் காண்பது முழுக்க வெற்றிதான். நாற்பது வருட அனுபவம் என்கிறார்கள். நாற்பது வருடமும் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

1955 கடைசியில் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து, அதுவே குடிதண்ணீராகக் குழாயில் வந்து, சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல வருடம் கழித்துச் சோதித்தபோது, இப்போது ஹெபடைடிஸ் ஈ என்கிறோமே, அந்த வைரஸ் என்று தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தானாகவே தேறினார்கள், ஏனென்றால் அந்த வைரஸுக்கு அன்றைக்கு எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது. அந்த 29,000 பேருக்கும் அந்த வாரம் யாராவது வீட்டுக்கு வீடு துளசித் தண்ணீர் கொடுத்திருந்தால், துளசிக்கு இன்றைக்கு டெல்லியில் கோயிலே கட்டியிருப்பார்கள். ஆனால் இதே வைரஸ் கர்ப்பிணிகளை, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களைப் பிடித்தால் கதை வேறு. நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்கிற அளவுக்கு இறந்துபோயிருக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாகி, வீட்டில் "மூணு நாள் குடிக்கட்டும், பாப்போம்" என்றால் மட்டும் என் குரல் என்னையறியாமல் உயர்ந்துவிடும்.

இன்னொன்று. கண்ணில் தெரிகிற மஞ்சள் ஒன்றுதான், உள்ளே இருக்கிற காரணம் ஒன்றில்லை. வைரஸ், எலிக்காய்ச்சல், குடி, சில மாத்திரைகள், பித்தநாளத்தில் கல், ரத்த அணு உடைதல், புற்றுநோய் என்று நீண்ட வரிசை இருக்கிறது. இமையை இறக்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே நிறம்.

எங்கள் தெருவிலேயே ஒருவர், பட்டுத்தறி நெய்தவர், அறுபதைத் தாண்டியவர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மெலிந்துகொண்டே வந்தார், உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி தூங்க முடியாமல் தறிக்கட்டையில் முதுகைத் தேய்ப்பாராம். ஒன்றரை மாதம் கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் இருந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அன்றைக்குக் காலையில் தற்செயலாக ஒரு காலேஜ் பையனுடைய சாம்பிளும் வந்திருந்தது. இரண்டு பேருக்கும் பிலிரூபின் 11-ஐ ஒட்டி. இரண்டு ட்யூபிலும் ஒரே நிறம். பையனுக்கு எஸ்ஜிபிடி 1,800-க்கு மேல், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்கிற இன்னொரு என்சைம் கொஞ்சம்தான் கூட. இவருக்குத் தலைகீழ். எஸ்ஜிபிடி நூறுகூட இல்லை, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 800-ஐத் தாண்டியது. ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த யாருக்கும் இது கல்லீரல் வீக்கம் இல்லை, பித்தம் இறங்குகிற வழியில் எங்கேயோ அடைப்பு என்று புரியும். "வெளிக்கு எப்படிப் போகுதுண்ணே?" என்று கேட்டேன். தயங்கிவிட்டு, "சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுதும்மா" என்றார். பித்தம் குடலுக்கு வரவில்லை என்றால் மலத்துக்கு நிறம் எங்கிருந்து வரும்?

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. குழாய் வைத்துப் பித்தத்தை இறக்கிவிட்டார்கள், அரிப்பு நின்றது, நிம்மதியாகத் தூங்கினார். சில மாதங்களில் காலமானார். ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புற்றுநோய் அப்படி விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. ஆனால் அந்த அரிப்பு வேண்டாத அரிப்பு. அவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியாது.

எண்ணை மட்டும் பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. "எஸ்ஜிபிடி 2,000-லேர்ந்து 300-க்கு வந்துடுச்சு, மருந்து கேக்குது" என்று சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் நல்ல செய்திதான். ஆனால் அபூர்வமாக, கல்லீரல் மொத்தமாகக் கைவிடுகிறபோதும் அந்த எண் சரசரவென்று இறங்கும். சாக இனி செல் மீதமில்லை என்பதால் என்சைம் வருவதில்லை. அப்போது பிலிரூபின் ஏறிக்கொண்டே இருக்கும், ரத்தம் உறைகிற நேரம் நீளும், ஆள் குழறிப் பேசுவார், பகலில் தூங்கி ராத்திரியில் விழித்திருப்பார். அதனால்தான் காமாலைக்கு டாக்டர் ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்க்கிற பி.டி., ஐ.என்.ஆர். எழுதினால், "அது எதுக்கு மேடம், காமாலை மட்டும் பாருங்க போதும்" என்று சொல்லாதீர்கள். தனியாகக் காசு கேட்கிறோம் என்று கோபம் வருவது புரிகிறது. காமாலையில் ஐ.என்.ஆர். சொல்வதை வேறு எந்த எண்ணும் அவ்வளவு சீக்கிரம் சொல்வதில்லை.

வருடா வருடம் காமாலை வருகிறவர்கள் ஒரு தனி ஜாதி. எங்கள் ரெகுலர் கஸ்டமர் ஒரு அண்ணன் இருக்கிறார். விரதம், காய்ச்சல், தூக்கம் கெட்ட வேலை என்று ஏதாவது வந்தால் பிலிரூபின் இரண்டு, இரண்டரை. மற்றதெல்லாம் சுத்தமாக நார்மல். கில்பர்ட் என்று பெயர், பிறவியிலேயே வருவது, ஒரு கெடுதலும் இல்லை. பட்டினி கிடந்தால் அது ஏறும். அவரோ ஒவ்வொரு தடவையும் காமாலை என்று பத்தியம் இருக்கிறார். சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க ஏறுகிறது. கடைசியில் வெறுத்துப் போய் பிரியாணி சாப்பிடுகிறார், இறங்குகிறது. பெருமை மட்டும் உருண்டைக்கு.

படித்தவர்கள் வேறு அஸ்திரம் எடுப்பார்கள். "லான்செட்லயே வந்திருக்கு மேடம், கூகுள் பண்ணிப் பாருங்க." பார்த்தேன். அந்த மருத்துவ இதழில் வந்துதான் இருக்கிறது. அதுவும் நம் சென்னையிலிருந்து. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும் அமெரிக்காவின் பாருக் பிளம்பர்க்கும் சேர்ந்து வெளியிட்டது. பிளம்பர்க் சாதாரண ஆள் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் வாங்கியவர். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அவர் முதலில் பார்த்த பொருளைத்தான் எங்கள் ஊர்ப் பழைய டாக்டர்கள் இன்னமும் சீட்டில் "ஆஸ்திரேலியா ஆன்டிஜன்" என்று எழுதுகிறார்கள். அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

அந்த ஆய்வு நம் கல்யாண வீட்டுக் கதை மாதிரி இல்லை. ஹெபடைடிஸ் பி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களை எடுத்து, ஒரு பகுதிக்குக் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பகுதிக்கு டம்மி, 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளமான அந்த ஆன்டிஜன் காணாமல் போனது. டம்மி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் போனது. இதைப் படித்தபோது எனக்கே புல்லரித்தது. வரப்பில் கிடக்கிற செடி!

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1990-இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், ஆன்டிஜன் போகவில்லை. 1994-இல் நியூசிலாந்திலிருந்து வந்த பதிலும் அதுதான். செடி வேறு இனமாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மறுபடி மறுபடி சோதனைகள் நடந்தன. 2011-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் குழு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அலசி, டம்மியைவிடக் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருகிறது என்று நம்புவதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதியது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது 1988 மட்டும்தான், 1990-ம் 1994-ம் 2011-ம் யாருக்கும் ஃபார்வேர்டு ஆவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் சோதனை நடந்தது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வருகிற ஹெபடைடிஸ் ஏ-வுக்கு இல்லை. எதற்கோ போட்ட வழக்கின் தீர்ப்பை எதற்கோ காட்டுகிறோம்.

சென்னையில் அந்த ஆய்வைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. பெரியம்மா மாதிரிப் பல தலைமுறை சொன்னதை ஒதுக்கித் தள்ளாமல், பொய் என்றால் பொய் என்று தெரியக்கூடிய விதத்தில் சோதித்தார்கள். மற்றவர்கள் திரும்பிச் செய்து பார்க்கிற மாதிரி எழுதி வைத்தார்கள். 37 பேரை வைத்து முடிவு கட்டுவது எவ்வளவு வழுக்கல் என்று நமக்குத் தெரிய வந்ததே அதனால்தான். 37 பேரே வழுக்கும் என்றால் நான் ஒருத்தி எம்மாத்திரம்? ஹெபடைடிஸ் பி-க்கு இன்றைக்கு மாத்திரை இருக்கிறது. வைரஸை முழுக்கத் துரத்துவது அபூர்வம் என்றாலும் கட்டிப்போட்டு வைக்கும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் சொந்த அனுபவம் ஒன்றுக்கும் உதவாதா என்று கேட்டால், என் வேலையிலேயே பதில் இருக்கிறது. பிலிரூபின் சாம்பிளை வெளிச்சத்தில் வைக்காதே என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். அதன் பின்னால் இங்கிலாந்தின் எசெக்ஸில் இருந்த ராக்ஃபோர்டு மருத்துவமனை இருக்கிறது. 1956-இல் அங்கே வார்டு என்ற பெயருள்ள ஒரு நர்ஸ் சிஸ்டர், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் தோல் மஞ்சளாக இருந்தது, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் இல்லை. கொஞ்ச நாளில் லேபில் ஒரு கூத்து. காமாலைக் குழந்தையின் ரத்த ட்யூப் ஒன்று ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்டது. பிலிரூபின் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு.

ஒரு சிஸ்டரின் கண், ஒரு கவனக்குறைவு. நம் ஊர்க் கதைகளைவிட எந்த விதத்திலும் பெரிய ஆதாரம் இல்லை. ஆனால் அவர்கள் "வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. வெளிச்சத்தில் பிலிரூபின் எவ்வளவு உடைகிறது என்று அளந்தார்கள், விளக்குகளை வரிசையாகக் கட்டித் தொட்டில் செய்தார்கள், 1958-இல் எழுதினார்கள். அப்புறம் அமெரிக்காவில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்றைக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்க வைக்கிறார்களே, அது அந்தச் சிஸ்டருடைய வரம்.

சொந்தக் கட்சியையும் விட்டுவைக்கக் கூடாது. ஆங்கில மருத்துவத்திலும் கீழாநெல்லிகள் உண்டு. சாதாரண ஹெபடைடிஸ் ஏ-வுக்குப் பெரிய பாட்டிலில் லிவர் டானிக், ஒரு பாட்டில் குளுக்கோஸ், அதில் மஞ்சள் நிறத்தில் பி காம்ப்ளெக்ஸ் ஊசி. ஏன் என்று கேட்டால், "என் அனுபவத்துல நல்லா கேக்குதும்மா" என்கிற டாக்டரையும் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் சொல்வதும் அதையேதான், இவருக்கு ஃபீஸ் கூட. வாந்தியில் உடம்பு வற்றிப்போனவருக்கு டிரிப் அவசியம், அதை நான் சொல்லவில்லை. சாப்பிடுகிற பிள்ளைக்கு எதற்கு என்பதுதான் கேள்வி.

"மூலிகைதானே, கெடுதல் இல்லையே" என்பார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தார்கள். அதில் சிலருக்குக் கல்லீரல் வீங்கிக் காமாலை வந்ததை மும்பை டாக்டர்கள் 2021-இல் எழுதினார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்தும் அதே போன்ற கேஸ்கள் சேர்ந்தன. குடித்தவர்களில் மிகச் சிலருக்குத்தான். ஆனால் உடம்புக்கு நல்லது என்று குடித்தது கல்லீரலிலேயே கை வைத்தது.

போன மழைக்கு ஒரு அம்மா ஏழாவது படிக்கிற பையனைக் கூட்டி வந்தார். பிலிரூபின் எட்டு சொச்சம். டாக்டர் வேறு எதையும் கொடுக்க வேண்டாம், சாப்பிட முடிந்ததைச் சாப்பிடட்டும், ஓய்வு போதும் என்று சொல்லியிருந்தார். பையனும் கசப்பு எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்று அடம். அந்த அம்மாவுக்கு ஒரே கவலை. "எதுவுமே குடுக்காம எப்படிங்க மேடம் இறங்கும்?" வாரா வாரம் வந்தார்கள். எட்டு, ஒன்பதரை, ஆறு, மூன்று, கடைசியில் ஒன்று. சாப்பாட்டில் பையன் இஷ்டப்பட்டு இறக்கினது பன்னீர் திராட்சை மட்டும்தானாம், கிலோ கணக்கில்.

ஒரு மாதம் போயிருக்கும். கவுன்ட்டரில் ஒரு பாட்டி, பேத்தியின் சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, காமாலைக்குப் பன்னீர் திராட்சை நல்லா கேக்குதாமே, கொட்டையோட முழுங்கணுமா, துப்பிடலாமா?"